ஓணானுக்கு வெயில், தேரைக்கு நிழல்: ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி (கொருக்குப்பேட்டை):
கத்திரி வெயில் நாட்களில் எங்கள் மதில்மேல் உள்ள ஓணான் காலையில் வெயில் காய்கிறது. நண்பகலில் முருங்கை மரத்தின் நிழலுக்கு மாறி வாயைத் திறந்தபடி இருக்கிறது. தண்ணீர் டிரம்முக்கு அடியில் வாழும் தேரையோ இருட்டும் வரை வெளியே வருவதில்லை. இரண்டும் குளிர் இரத்தப் பிராணிகள் என்றால், வெப்பத்தைச் சமாளிக்கும் விதம் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது? ஓணான் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

பதில் (பெரம்பூர், விலங்கியல் ஆசிரியர்):
வேறுபாடு தோலில் தொடங்குகிறது. ஓணானின் செதில்களும் தோலிலுள்ள கொழுப்பும் நீர் வெளியேறுவதைப் பெருமளவு தடுக்கின்றன. கழிவையும் அது யூரிக் அமிலமாக, ஏறக்குறையத் திடப்பொருளாகவே வெளியேற்றுகிறது. பல்லி எச்சத்தின் நுனியில் நாம் காணும் வெள்ளைப் பகுதியும் அதுவே. ஆகவே பூச்சிகளின் உடலிலுள்ள ஈரமும் இலைகளில் தங்கும் நீர்த்துளிகளும் அதற்குப் பெரும்பாலும் போதுமானவை. வாயைத் திறந்து வைப்பது நீரைச் செலவழித்து உடலைக் குளிர்விக்கும் வழி என்பதால், முதலில் நிழலைத் தேடி, அதுவும் போதாதபோதே ஓணான் அதை நாடுகிறது. உடலில் நீர் குறைந்த பல்லியினங்கள், செரிமானமும் ஓட்டமும் மந்தமாகும் என்றாலும், வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பமுள்ள இடத்தையே தேர்ந்தெடுப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்; எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான செய்தி இதுதான்.

தேரையின் தோல் நீரைத் தடுப்பதில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதி உடலிலிருந்தே போவதால் தேரை குளிர்கிறது, ஆனால் விரைவில் வறண்டும் போகிறது. இழந்த நீரை அது வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றின் பின்பகுதித் தோலை ஈரத்தரையில் பதித்து உறிஞ்சுகிறது. சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரையும் வறட்சியில் உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பதில் (எண்ணூர்):
ஆசிரியர் சொன்னதோடு நம் கடற்காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் தேரை இழக்கும் நீர் குறையும். அதே காரணத்தால் அது குளிர்வதும் குறையும். கடற்காற்று தாமதித்து, மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்களில் நிலைமை நேர்மாறாகிறது. தென் அமெரிக்காவின் ஒரு மரத்தவளை தன் தோலில் சுரக்கும் மெழுகைக் கால்களால் உடல் முழுவதும் பூசிக்கொண்டு நீரிழப்பைத் தடுக்கிறது. அதற்கு ஈடாக உடல் சூடாவதைப் பொறுத்துக்கொள்கிறது. நம் தேரைக்கு அந்த வசதி இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. தேரைக்காக டிரம் அருகில் தண்ணீர் வைக்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

பதில் (பெரம்பூர், விலங்கியல் ஆசிரியர்):
தாராளமாக வைக்கலாம், ஆனால் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு கூடக்கூடத் தோல் வழியே நீர் ஏறுவது குறையும்; உடல் திரவத்தைவிட உப்பு மிகுந்த நீரில் உடலிலுள்ள நீரே வெளியேறத் தொடங்கும். ஒரு நாள் திறந்து வைத்த மெட்ரோ தண்ணீரை ஆழமற்ற மண்தட்டில் ஊற்றி நிழலில் வையுங்கள். சிமெண்ட் பூசாத கொஞ்சம் மண்தரையையும் அதன் அருகே விட்டுவையுங்கள். தேரை பகலில் அங்கேயே புதைந்துகொள்ளும்.