பத்து நிமிடமா, பதினேழு நிமிடமா?

நண்பர்களே, ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி (பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு; பெயர் ‘பத்தெத்தீக்’), அதன் கடைசிப் பகுதி பற்றி ஓர் உதவி வேண்டும்.

லெனின்கிராட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1960இல் நடத்துநர் (கண்டக்டர்) ம்ராவின்ஸ்கி செய்த பதிவில் அது சுமார் 10 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் 1986இல் நடத்துநர் பெர்ன்ஸ்டைன் செய்ததோ 17 நிமிடத்தைத் தாண்டுகிறது. அதே சுரங்கள்தான்! முன்னதில் ஆத்திரம் கேட்கிறது, பின்னதில் எழவே முடியாத சோர்வு. எனக்கு ம்ராவின்ஸ்கிதான். ஆனால் இரவில் தனியாகக் கேட்டால் மனம் பெர்ன்ஸ்டைன் பக்கம் சாய்கிறது, என்ன செய்ய?

இன்னொன்று. அந்தப் பகுதியின் தொடக்க மெட்டை எந்த வயலின் குழுவும் முழுதாக வாசிப்பதில்லை. முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் ஆளுக்கொரு சுரமாக மாறிமாறி வாசிக்க, நம் காதில்தான் மெட்டு சேர்கிறது. இரு குழுவையும் இடமும் வலமுமாக எதிரெதிரே உட்கார வைத்தால் அந்தத் தாவல் தெளிவாகத் தெரிய வேண்டும். ம்ராவின்ஸ்கி அப்படித்தான் உட்கார வைத்தார், இன்னொரு நடத்துநரான க்ளெம்பரரும் அப்படியே.

அப்படி அமர்ந்து வாசித்த, ஒலி சுத்தமான சமீபத்திய பதிவு எது? வேகத்தில் இந்த இருவருக்கும் நடுவே நிற்பது என்றால் இன்னும் நல்லது. நீங்களே காதால் கேட்ட பதிவையே சொல்லுங்கள். அப்புறம், ஹெட்போனிலா ஸ்பீக்கரிலா என்றும் எழுதுங்கள்.