கேட்ஸ் கோவ் மரவீடுகள்: போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மூங்கில்காடு:
போன அக்டோபரில் போய் வந்தது, இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழையையே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் டென்னசியில் இருக்கும் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா, அதற்குள் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கு, 11 மைல் சுற்றுப்பாதை, கரடியைப் பார்க்க நிற்கிற கார் வரிசை எல்லாம் உங்களுக்கே தெரியும். முதலில் வருமே ஜான் ஆலிவர் என்ற ஆதிக் குடியேறியின் வீடு, 1820களில் கட்டியது, அதற்குள் நுழைந்தோம். உள்ளே அரை இருட்டு. என் மகளுக்கு ஏழு வயது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். சுவரில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். "அப்பா, இங்க தமிழ் இருக்கு!"

ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயம், கீழே 2019. சாவியால் கீறியிருக்க வேண்டும், கீறலுக்குள் மரம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் ஆங்கிலப் பெயர்கள். அதற்கு முன் மூன்று தடவை போயிருக்கிறேன், அவை ஒருநாளும் என்னை உறுத்தியதில்லை. இது உறுத்தியது. பாடப்புத்தகத்துக்கு வெளியே அவளாகவே கண்டுபிடித்துப் படித்த முதல் தமிழ் அதுதான், முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா போகலாம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். அது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டுமா, அந்தச் சந்தோஷத்தோடு விட்டது சரியா, இன்றுவரை தெரியவில்லை. 200 வருஷம் யாரும் கைவைக்காமல் நின்ற வீடு, நம் ஆட்கள் போய்க் கிறுக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாஞ்சில் மகள்:
அதே வீட்டுக்குத்தான் அப்பாவைக் கூட்டிப் போனேன். அப்பா நாகர்கோவில் பக்கம் 40 வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர், இங்கே வந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். மலை, இலை நிறம் எதையும் அவர் பார்க்கவில்லை. வீட்டின் மூலையில் போய் நின்றவர் நகரவே இல்லை. இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு கட்டையின் முனையையும் புறாவின் வாலில் பாதி மாதிரி சரிவாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஆணி இல்ல, முளை இல்ல. பாரத்துலயே நிக்குது. சரிவை வெளிப்பக்கமா விட்டிருக்கான் பாரு மக்ளே, மழைத் தண்ணி உள்ள நிக்காது."

அப்புறம் கட்டையின் முகத்தைத் தடவிக்கொண்டே போனார். அகலக் கோடாலியால் செதுக்கித் தட்டையாக்கிய தழும்பு வரிசையாக இருக்கும். ஒரு இடத்தில் நின்று, இதை வெட்டினவனுக்கு இந்த இடத்தில் கை தளர்ந்திருக்கிறது என்றார். நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவர் அவராகவே இருந்த ஒரே மதியம் அதுதான்.

பழைய ரேடியோ:
மூங்கில்காடு, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் யாரும் கைவைக்காமல் நின்ற வீடு என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் பள்ளத்தாக்கில் சனங்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பலகை அடித்து, வர்ணம் பூசி, நம் தாத்தா காலத்து வீடு மாதிரி சாதாரண வீடுகள் நிறைய இருந்தன. பூங்கா வந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, பழசாகத் தெரிந்த மரக்கட்டை வீடுகளை மட்டும் விட்டு வைத்தார்கள், ஆதிக் குடியேறிகள் காலம் போலத் தெரியவேண்டும் என்பதற்காக. அந்த ஆலிவரின் வம்சத்தில் வந்தவரே நிலத்தைக் கொடுக்க மறுத்து நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். நாம் படம் பிடிக்கிற புல்வெளி பல பேருடைய கொல்லைப்புறம்.

என் அனுபவம் சின்னது. அதே பூங்காவில் லிட்டில் கிரீன்பிரயர் என்ற இடத்தில் இருக்கும் வாக்கர் சகோதரிகள் வீட்டுக்கு நடந்து போனேன். பூங்காவுக்கு நிலத்தை விற்றாலும் சாகும்வரை அங்கேயே இருப்போம் என்று நிபந்தனை போட்டவர்கள், கடைசி சகோதரி 1964 வரை இருந்தார். நான் போனபோது வேறு யாரும் இல்லை. வாசல்படிக் கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. அதில் கால் வைக்க எனக்குக் கூசியது, தாண்டித்தான் உள்ளே போனேன்.

ஞாயிறு நடை:
நாங்கள் போனபோது கேட்ஸ் கோவில் பனி, ஒன்றும் தெரியவில்லை, திரும்பிவிட்டோம். இனிமேல் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 மார்ச்சிலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் சீட்டு வேண்டும், 2023இல் ஆரம்பித்தபோது ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருஷத்துக்கு 40, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கோடைக்காலப் புதன்கிழமைகளில் சுற்றுப்பாதையில் கார் விடுவதில்லை, சைக்கிளும் நடையும்தான், குழந்தைகள் இருந்தால் அந்த நாள்தான் நல்லது. மற்ற நாள் என்றால் விடிந்ததுமே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் 11 மைலுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். கரடி தெரிந்தால் 50 கஜம் தள்ளியே நில்லுங்கள், இட்லிப் பொட்டலத்தைக் காரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். கழிப்பறை பாதி வழியில் பார்வையாளர் மையத்தில் இருக்கிறது. செல்போன் சிக்னல் சுத்தமாக இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பலகைப்படி வழுக்கும், வயசானவர்களுக்கு நல்ல செருப்பு முக்கியம்.

ஆற்றுக்கல்:
எல்லாரும் வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், மரம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பூங்காவின் எல்க்மான்ட் பகுதியில் லிட்டில் ரிவர் பாதையில் நடந்திருப்பீர்கள். மலைப்பாதை இவ்வளவு மட்டமாக இருக்கிறதே என்று தோன்றவில்லையா? அது பழைய ரயில் தடம். 1901இல் ஆரம்பித்த லிட்டில் ரிவர் மரக் கம்பெனி 1939 வரை இந்த மலையை மொட்டையடித்தது. சக்கரத்துக்குப் பல்சக்கரம் வைத்த ஷே எஞ்சின் செங்குத்தில் ஏறும், தலைக்கு மேலே இரும்பு வடம் கட்டி அடிமரங்களை இழுப்பார்கள், கூலிக்காரர்களின் வீடுகளையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்த் தடத்தோரம் இறக்கி வைப்பார்கள். வேறொரு கம்பெனி வெட்டிப் போட்ட கழிவில் தீப்பிடித்து 1925இல் சார்லீஸ் பனியன் உச்சி பாறையோடு பாறையாக எரிந்தது.

நான் பார்த்தது இது. பாதையிலிருந்து இருபதடி இறங்கி ஆற்றோரம் உட்கார்ந்தேன். பக்கத்து மரத்தின் அடியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு துருப்பிடித்த வடம் வெளியே வந்து மண்ணுக்குள் போகிறது. யாரும் கட்டியதில்லை. கீழே கிடந்த வடத்தை மரம் வளர்ந்து வளர்ந்து விழுங்கியிருக்கிறது, பட்டை அதைச் சுற்றி உதடு மாதிரி மூடியிருந்தது. அரைமணி நேரம் அங்கேயே இருந்தேன்.

பழைய ரேடியோ:
கம்பெனியைத் திட்டுங்கள் சரி, வெட்டினவர்களும் அந்த மலைச் சனங்கள்தான். சோளம் போட்டுப் பிழைத்த குடும்பத்துக்கு முதல் தடவையாகச் சம்பளம் என்று கையில் வந்தது. அவர்கள் இருந்த காலத்திலேயேதான் செஸ்ட்நட் மரங்களும் நோய் விழுந்து பட்டுப்போயின. மரமும் போய், வேலையும் போய், கடைசியில் வீடும் போயிற்று.

ஆனைமலைக்காரன்:
இதைப் படிக்கும்போது எங்கள் டாப்ஸ்லிப் ஞாபகம் வந்துவிட்டது. மலை மேலிருந்து தேக்கை உருட்டி விட்ட இடம், பெயரே அதனால்தான். பம்பாய்க் கப்பல் துறைக்குப் போனது எங்கள் மரம். வெட்டி மொட்டையான மலையில் திரும்பத் தேக்கு நட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி, அவர் கல்லறை அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது, என் நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற அர்த்தத்தில் லத்தீனில் எழுதியிருக்கும். எட்டாம் வகுப்பில் கூட்டிப் போனபோது ஆசிரியர் அதைச் சொன்னதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். எங்களோடு வந்த மலசர் பழங்குடிப் பெரியவர் மட்டும் பார்க்கவில்லை. "இது காடில்ல சாமி, தோட்டம். அடியில ஒண்ணும் முளைக்காது" என்று மெதுவாகச் சொன்னார். கீழே குனிந்து பார்த்தேன், சருகுதான் கிடந்தது. ஆற்றுக்கல் அண்ணா, மரம் திரும்ப வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இப்போதும் நான் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.

மூங்கில்காடு:
பழைய ரேடியோ சொன்னது எனக்குத் தெரியாது, யாரும் கைவைக்காத வீடு என்று எழுதியது தப்பு. நாஞ்சில் மகள், ஒரு உதவி. அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, அப்படிக் கீறின எழுத்தை மரத்திலிருந்து எடுக்க வழி உண்டா? மகள் திரும்ப அங்கே போகவேண்டும் என்கிறாள்.

நாஞ்சில் மகள்:
நேற்று ராத்திரி போனில் கேட்டேன். இழைத்தால் பெயர் போய்விடுமாம். கூடவே அந்தக் கோடாலித் தழும்பும் போய்விடும், அதனால் தொடவேண்டாம் என்கிறார்.