பிரான்ஸில் காணி வாங்கும்முன் அங்கே வீடு கட்ட முடியுமா என்று உறுதிசெய்வது எப்படி?

கேள்வி:

வணக்கம். ஜெர்மனியில் வசிக்கும் நாங்கள், தென் பிரான்ஸில் ஒரு கிராமத்தின் ஓரத்தில் 900 சதுர மீட்டர் காணி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். வீடு கட்டத்தக்க காணி என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறது, விற்பவரும் அதையே சொல்கிறார். நிலம் சற்றுச் சரிவானது. ஒரு பக்கம் ஓடை இருக்கிறது. தெருவிலிருந்து உள்ளே வர அயலவரின் காணியூடாகச் செல்லும் மண்பாதை ஒன்றுதான் உண்டு. இரண்டு வாரங்களுக்குள் முன்னொப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். அதற்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1:

விளம்பரத்தில் இருக்கும் சொல்லுக்குச் சட்டப் பெறுமதி எதுவுமில்லை. அந்த ஊருக்கு பிஎல்யூ எனப்படும் நகரமைப்புத் திட்டம் இருந்தால், அதில் காணி எந்த வலயத்தில் விழுகிறது என்பதை ஜியோபோர்த்தாய் என்ற அரச வரைபடத் தளத்தில் இன்றே பார்த்துவிடலாம். ‘யு’ என்பது ஏற்கெனவே குடியிருப்பான பகுதி, ‘ஆ-யு’ என்பது பின்னாளில் குடியிருப்பாக்க ஒதுக்கியது, ‘ஆ’ விவசாய நிலம், ‘என்’ இயற்கைப் பகுதி. கடைசி இரண்டில் ஒன்றென்றால், அபூர்வமான விதிவிலக்குகளைத் தவிர, புதிய வீட்டை மறந்துவிடுங்கள்.

வலயம் சரியாக இருந்தாலும் அதோடு நிறுத்தாமல், மேரி எனப்படும் ஊர் மன்ற அலுவலகத்தில் நகரமைப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, அந்த நிலத்துக்குரிய விதிகளை மட்டும் சொல்லும். ‘ஒப்பெராசியோனெல்’ எனப்படும் இரண்டாவது வகைதான், நீங்கள் குறிப்பிடும் வீட்டை அங்கே கட்ட இயலுமா, தண்ணீரும் மின்சாரமும் பாதையும் போதுமானவையா என்று பதில் தரும். அதற்கு இரண்டு மாதம் ஆகும். கிடைத்தபின் 18 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். ஆகவே இரண்டு வாரக் கெடு உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: வீடு வாங்குவோருக்குக் கிடைக்கும் 10 நாள் விலகல் உரிமை, லொத்தீஸ்மோன் எனப்படும் பிரிப்புத் திட்டத்தில் வாங்கும் மனைக்கு உண்டு; தனியாக விற்கப்படும் வெற்றுக் காணிக்குக் கிடையாது. கையெழுத்திட்டே ஆக வேண்டுமென்றால், கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையை நொத்தாரிசு மூலம் கட்டாயம் எழுதுவியுங்கள்.

பதில் 2:

சரிவும் ஓடையும் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் மண்ணைப் பார்க்காமல் வாங்கிய தவறை நாங்களே செய்தோம். எங்களுடையது களிமண் நிலம். களிமண் வறட்சியில் சுருங்கி மழையில் வீங்குவதால், வீட்டின் ஒரு மூலை மற்ற மூலையைவிட அதிகம் அசைந்து சுவர் வெடிக்கிறது. ஓடைப் பக்கம் ஈரமாகவும் மேட்டுப் பக்கம் காய்ந்தும் இருக்கும் காணியில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். அத்திவாரத்தை ஆழப்படுத்த வேண்டும் என்று வேலை தொடங்கியபிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அந்தச் செலவை நாங்கள் எதிர்பார்த்திருக்கவேயில்லை.

இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. களிமண் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ உள்ள பகுதிகளில் கட்டட நிலம் விற்பவர், 2020 அக்டோபர் 1 முதல் ஜே1 எனப்படும் முதற்கட்ட மண் ஆய்வறிக்கையைத் தர வேண்டும். உங்கள் காணி அப்படிப்பட்ட பகுதியில் இருக்கிறதா, வெள்ள ஆபத்து உண்டா என்பவற்றை ஜியோரிஸ்க் என்ற அரச இணையத்தளத்தில் பாருங்கள். ஆனால் ஜே1 பொதுவான நிலைமையைத்தான் சொல்லும். அத்திவாரத்தின் ஆழத்தைக் கணிக்க, வீடு அமையும் இடத்திலேயே செய்யும் ஜே2 ஆய்வு தேவை. இயன்றால், நீண்ட மழைக்கு மறுநாள் ஒருமுறை நேரில் போய் ஓடையையும் தண்ணீர் தேங்கும் இடங்களையும் பார்த்து வாருங்கள்.

பதில் 3:

பாதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அயலவர் இன்று நட்பாக நடக்க விடுவது உரிமையாகாது. வழியுரிமை காணி உறுதிப் பத்திரத்தில் பதிவாகியிருக்கிறதா, எத்தனை மீட்டர் அகலம், வாகனம் போகலாமா என்று நொத்தாரிசிடம் எழுத்தில் கேளுங்கள். மேலால் போகும் உரிமை இருப்பதனால் நிலத்துக்கு அடியில் குழாயும் மின்கம்பியும் பதிக்கும் உரிமை தானாக வந்துவிடாது. அதைத் தனியாக எழுத வேண்டும், பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். கடாஸ்தர் எனப்படும் நிலப்பதிவு வரைபடமும் வரிக்காக வரையப்பட்டது; எல்லையை உறுதிசெய்ய வேண்டுமென்றால் நில அளவையாளரைக்கொண்டு எல்லைக்கல் நடுவிக்க வேண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரென்றால், தனிக் கழிவுநீர்த் தொகுதிக்கு, அவற்றைச் சரிபார்க்கும் ஸ்பாங்க் என்ற உள்ளூர்ப் பொதுச் சேவையின் ஒப்புதலும் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. கெடுவை நீட்டச் சொல்லி இன்று எழுதிவிட்டேன். காணி இன்னும் என் பெயரில் இல்லாதபோது, ஜெர்மனியிலிருந்தே அந்தச் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்கலாமா?

பதில் 1:

தாராளமாக. உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. 13410 இலக்கப் படிவத்தை நிரப்பி, காணியின் அமைவிட வரைபடத்தையும் உங்கள் வீட்டுத் திட்டத்தைப் பற்றிய சுருக்கமான விளக்கத்தையும் இணைத்து, மேரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அது அங்கே கிடைத்த நாளிலிருந்துதான் இரண்டு மாதக் கணக்கு தொடங்கும்.