மோன் பிளாங்க் சுற்றுநடை: முழுதாக நடப்பதா, ஓரிடத்தில் தங்குவதா?

வணக்கம். வரும் கோடையில் ஆல்ப்ஸ் மலையில் நடக்க நானும் அக்காவும் திட்டம் போடுகிறோம். மனதில் இருப்பது அங்குள்ள மோன் பிளாங்க் மலையைச் சுற்றி வரும் பாதை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள், ஏறத்தாழ 170 கி.மீ. பெரும்பாலானோர் பத்துப் பதினொரு நாளில் முடிக்கிறார்கள். தூரத்தைப் பற்றிக் கவலை இல்லை. மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், ஏறியதை எல்லாம் இறங்கியும் ஆக வேண்டுமே! அக்காவுக்கு ஏறுவது ஒரு பொருட்டே இல்லை, இறக்கத்தில்தான் முழங்கால் மக்கர் செய்யும்.

அதனால் ஒன்று, பாதையின் ஒரு பகுதியை மட்டும் நடக்கலாம். இல்லையென்றால் பிரான்ஸ் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஷாமோனி ஊரில் தங்கி, கேபிள் காரில் மேலே போய்த் தினம் ஒரு நடை. இரண்டாவது சொகுசுதான், ஆனால் மலைக்குடிலில் இரவு தங்கும் வாய்ப்பை விட எனக்கு மனசில்லை.

நடந்தவர்கள் சொல்லுங்கள்: இரு கையிலும் நடைக்கோல் பிடித்தால் இறக்கத்தில் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா? ஜூனில் உயரமான கணவாய்களில் பனி கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம், போதாததற்குப் பிற்பகல் இடிமழை. செப்டம்பர் முதல் வாரம் சரிவருமா? அந்த மாத நடுவிலிருந்து குடில்கள் மூடத் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் தள்ள முடியாது. அப்புறம், குடிலில் படுக்கையை எத்தனை மாதம் முன்பே பதிந்தீர்கள்? காலணி ஆலோசனை வேண்டாம், பழகியதே இருக்கிறது.