புதுப்பிப்பு: படகு டிரெய்லரின் இடது சக்கரம் சூடேறிய விவகாரம்

மெல்போர்னில் படகை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் டிரெய்லரின் இடது சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பேரிங்தான் காரணம் என்று பலர் சொன்னீர்கள்; நானும் அப்படித்தான் நம்பினேன். பேரிங் நன்றாகவே இருக்கிறது.

கார் பிரேக் போடும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இது. இணைப்பை முழுவதுமாக முன்னே இழுத்துவிட்டு, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினேன். அசையவே இல்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் உள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் உடனே சுழன்றது! அப்படியானால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகவில்லை, அழுத்தம்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் ஆயில் அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகியிருந்தால் வலது சக்கரமும் பிடித்திருக்க வேண்டும். மிஞ்சியது இடப்பக்கக் காலிப்பருக்கு ஆயில் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய். வெளியே ஒரு கீறல்கூட இல்லை; வெட்டிப் பார்த்தபோது உட்சுவர் உப்பி, துளை ஏறக்குறைய அடைபட்டிருந்தது. ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

இரண்டு குழாய்களையும் மாற்றினேன். பழுப்பேறிய பழைய ஆயிலை வெளியேற்றி, புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றிக் காற்று நீக்கினேன். நேற்று 20 கிலோமீட்டர் இழுத்துப் பார்த்தேன். இரண்டு சக்கரங்களும் ஒரே மாதிரி இளஞ்சூடு. அந்தத் திருகைத் திறந்து பார்க்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.