ஃபீட்டல் புரோகிராமிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

பேறுகாலச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்து உயிரை வாங்குகிறது: ஃபீட்டல் புரோகிராமிங்.

பொருள் இதுதான். தாய்க்குக் கருக்காலத்தில் கிடைக்கும் ஊட்டத்தைப் பொறுத்துப் பிள்ளையின் இதயமும் ரத்தக்குழாயும் சிறுநீரகமும் ஒரு விதமாக அமைந்துவிடுகின்றன. அதன் விளைவு ஐம்பது, அறுபது வயதில் மாரடைப்பாகவோ ரத்தக் கொதிப்பாகவோ தலைகாட்டலாம். 1989-இல் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பிறப்பு எடைக் குறிப்புகளைத் தேடியெடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்து பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாகவே இருந்தவர்களிடம் இதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது. கையேடே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் தற்காலிகமாகக் ‘கருப்பதிவு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

– கையேட்டுக்காரன்

*

புரோகிராமிங் என்றால் நிரலாக்கம். இருபது வருடமாகப் புழங்கும் சொல். கருநிரலாக்கம். முடிந்தது வேலை.

– கணித்தமிழ் ஆள்

*

> கருநிரலாக்கம். முடிந்தது வேலை.

முடியவில்லை தம்பி. நிரல் என்றால் யாரோ உட்கார்ந்து வரி வரியாக எழுதியது. பிழை இருந்தால் திருத்தி மறுபடி ஓட்டலாம். இங்கே எழுதுபவர் யாருமில்லை, திருத்தி ஓட்டவும் முடியாது. சிறுநீரகத்தின் வடிப்பான்களான நெஃப்ரான்கள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஏறக்குறைய 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. எண்ணிக்கை குறைந்தால் இருப்பவையே கூடுதல் பாரம் சுமக்கும். ரத்த அழுத்தம் ஏறும். இதயத் தசை உயிரணுக்களும் பிறப்பை ஒட்டிப் பெரும்பாலும் பிரிவதை நிறுத்திவிடும். அப்புறம் அவை பருமனில் பெரிதாகும், எண்ணிக்கையில் கூடுவது மிகக் குறைவு.

‘கருப்பதிவு’ வேண்டவே வேண்டாம். செவிலியர் காதில் அது கருவுற்றதைப் பதிவேட்டில் எழுதுவது என்றுதான் விழும். போதாததற்கு மரபணுவியலில் இம்ப்ரிண்டிங் (ஒரு மரபணு தாய்வழி வந்ததா தந்தைவழி வந்ததா என்பதைப் பொறுத்து இயங்குவது) என்பதற்கும் ‘பதிவு’ என்கிறார்கள். இரண்டும் வேறு.

– மகப்பேறு மருத்துவர்

*

அன்புடையீர்,

ஒரு வாரமாக ஊரில் இல்லை. அதற்குள் நிரல், பதிவு என்று என்னென்னவோ ஓடுகிறது. ‘கருவூழ்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊழ் என்றதும் தலைவிதி என்று பதற வேண்டாம். ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ என்ற குறளடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தாக மலர்ந்தும் மணக்காத மலர். முறை என்ற பொருளும் ஊழுக்கு உண்டு. கருவில் ஒரு முறைப்படி முதிர்ந்து பிற்காலத்தில் வெளிப்படுவது கருவூழ். மூன்றே, சரி, நான்கே எழுத்தில் முழுப் பொருளும் அடங்குகிறது.

‘கரு’வும் தூய தமிழ்ச் சொல்லே. கருப்பம் என்பதே வடக்கே போய்க் கர்ப்பம் ஆயிற்று.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

> கருப்பம் என்பதே வடக்கே போய்க் கர்ப்பம் ஆயிற்று.

ஐயா, கர்ப்பம் என்பதைப் ‘பற்றிக்கொள்’ என்னும் பொருளுடைய க்ரப் வேரிலிருந்து வட மொழியாளர்கள் பிரிக்கிறார்கள். கருப்பம் அதன் தமிழாக்கம்தான்.

– கணித்தமிழ் ஆள்

*

வேர் சொல்பவர்கள் எந்தச் சொல்லுக்கும் வேர் சொல்வார்கள். கரு, கருவி, கருவறை, கருக்கொள் என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்க, விருந்தாளி வீட்டுக்காரன் ஆன கதை எனக்குப் புரியவில்லை. வேண்டுமானால் ‘சூலூழ்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சூலில் ஐயமே இல்லை.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

(‘சூலூழ்’ என்பதை நான் இங்கே வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாணவர்கள் நெடுநேரம் சிரித்தார்கள்.)

‘ஃபீட்டல்’ என்ற முதல் பாதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஃபீட்டஸுக்கு, அதாவது உறுப்புகள் உருவெடுத்த பிந்தைய நிலைக் கருவுக்கு, இலங்கைப் பாடநூல்களில் முதிர்மூலவுரு. அதற்கு முந்தைய நிலை முளையம். தமிழ்நாட்டில் முதிர்கரு, வளர்கரு என்றும் எழுதுகிறார்கள். வளர்கரு எனக்குப் பிடிக்கும். வினைத்தொகை, வளர்ந்த, வளர்கின்ற, வளரும் கரு என்று முக்காலத்துக்கும் நிற்கும். ஆகவே ‘வளர்கரு அமைவு’ என்றால் என்ன?

– உயிரியல் ஆசிரியை

*

வினைத்தொகை அழகுதான் டீச்சர். ஆனால் பேறுகால அறையில் ‘கரு அமைவு’ என்றால் பிள்ளை தலை கீழாக இருக்கிறதா, கால் கீழாக இருக்கிறதா என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று. ஃபீட்டல் என்ற ஆங்கில அடைமொழியே இப்போது போதவில்லை. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் உணவுப் பங்கீடு நாளுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். இதய நோய் கூடுதலாகத் தெரிந்தது கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம். அவர்களுடைய பிறப்பு எடை குறையவே இல்லை! அதாவது முளைய நிலையிலேயே விஷயம் தொடங்கிவிடுகிறது, எடை பார்க்கும் தராசுக்கும் அது தெரிவதில்லை. இதனால்தான் அந்தத் துறையே ‘ஃபீட்டல் ஆரிஜின்ஸ்’ என்ற பெயரை விட்டு ‘டெவலப்மெண்டல் ஆரிஜின்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. முதிர்கருவா வளர்கருவா என்று அடித்துக்கொள்ளாமல் ‘கருக்காலம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

ஊழைப் பற்றி. ஐயா சொல்லும் மலர்தல் எனக்குப் புரிகிறது, ஆனால் வாசிப்பவருக்கு முதலில் தலைவிதிதான் நினைவுக்கு வரும். இது விதியும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டபோது கருவில் பட்டினி கண்டவர்களையும் பார்த்திருக்கிறார்கள். பிறந்த பிறகு கைக்குழந்தைப் பருவத்தில் பட்டினி கண்டவர்களோடு ஒப்பிட்டால் சர்க்கரையிலோ ரத்த அழுத்தத்திலோ வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் பஞ்சம் சட்டென முடிந்து உணவு பெருகியது. லெனின்கிராடில் பட்டினி நீண்டது. குறைவுக்குத் தயாரான உடல் மிகுதியில் வாழ நேர்ந்தால்தான் சிக்கல் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அப்படியானால் பிறந்த பிறகு வரும் உணவும் உடல் உழைப்பும் கணக்கில் உண்டு. ‘கருவூழ்’ என்று அச்சிட்டால் அறுபது வயது மாரடைப்புக்கு அம்மா அன்று சரியாகச் சாப்பிடாததே காரணம் என்று தீர்ப்பு எழுதியது போல ஆகிவிடும். பஞ்சத்தில் அவள் என்ன செய்வாள்?

– மகப்பேறு மருத்துவர்

*

அப்படியானால் ‘கருத்தடம்’? கருவில் விழுந்த தடம். தடம் அழியலாம், மேலே நடந்தால் மாறலாம், விதி இல்லை.

– உயிரியல் ஆசிரியை

*

கருத்தடத்துக்கும் கருத்தடைக்கும் இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று அச்சுக்கோப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கருவுற்ற பெண்களுக்கான கையேட்டில் வேறு!

– கணித்தமிழ் ஆள்

*

நண்பர்களே, நாளை சனி. இதுவரை வந்தவற்றில் ‘கருக்கால முன்னமைவு’ என்று சேர்த்துப் பார்க்கிறேன். கருக்காலம் மருத்துவர் அம்மா சொன்னது, அமைவு டீச்சருடையது, ‘முன்’ மட்டும் நான் வைத்தது. கால் மேலா கீழா என்ற குழப்பமும் ‘முன்’ வந்தால் போகும் என்று நினைக்கிறேன்.

– கையேட்டுக்காரன்

*

முன்னமைவு எங்கள் துறையில் செயலிகளின் முன்கூட்டிய அமைப்பைக் குறிக்கும். என்னை நிரலுக்காகத் திட்டிவிட்டு என் பையிலிருந்தே இன்னொன்றை எடுக்கிறீர்கள். எதிர்க்கவில்லை. மகிழ்ச்சியே.

– கணித்தமிழ் ஆள்

*

செவிலியர் புரிந்துகொள்வார்கள், சரி. ஆனால் தாய்மாருக்கான பக்கத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம். ‘இப்போது உங்களுக்குக் கிடைக்கும் ஊட்டத்தைப் பார்த்துப் பிள்ளையின் இதயமும் சிறுநீரகமும் தங்களை அமைத்துக்கொள்கின்றன’ என்று வாக்கியமாகவே எழுதுங்கள். குறைவு மட்டுமல்ல, தாயின் மிகை எடையும் சர்க்கரையும்கூடப் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும் என்பதற்கும் ஒரு வரி சேருங்கள். பஞ்சத்தை மட்டும் பேசினால் ‘நிறையச் சாப்பிடு’ என்று படித்துவிடுவார்கள்.

– மகப்பேறு மருத்துவர்

*

எனக்கும் சம்மதம். தொடர் நீளம்தான். இரண்டு சொல் சேர்ந்த கலைச்சொல் தேர்வுத் தாளில் பாதியாகத்தான் வரும். மாணவர்கள் ‘முன்னமைவு’ என்று மட்டும் எழுதுவார்கள். மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.

– உயிரியல் ஆசிரியை

*

‘கருக்கால முன்னமைவு’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் மருத்துவர் அம்மாவின் வாக்கியம் அடைப்புக்குள் வரும். தாயின் மிகை எடை பற்றிய வரியையும் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

அடுத்த அத்தியாயத்தில் ‘எபிஜெனெடிக்ஸ்’ (மரபணு வரிசை மாறாமலே அதன் இயக்கம் மாறுவது பற்றிய துறை) காத்திருக்கிறது. அதற்கு வாரக் கடைசி வரை அவகாசம் உண்டு.

– கையேட்டுக்காரன்

*

முன்னமைவு என்பதில் அமைத்தவர் யார் என்ற கேள்வி நிற்கவே செய்கிறது. நிரலுக்குச் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்தும், யாரும் கவனிக்கவில்லை. ஊழுக்கு அந்தச் சிக்கல் இல்லை, தானே முதிர்வது. கையேட்டின் பின்னிணைப்பில் ‘கருவூழ் என்றும் கூறுவர்’ என ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை.

எபிஜெனெடிக்ஸுக்கு நான்கு சொல் கைவசம் உண்டு. நாளை எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்