சீரியலிலிருந்து சினிமாவுக்கு வரும் நடிகர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

உதவி இயக்குநர்:
முதலில் இடிப்பது பிராம்ப்டிங்தான், அதாவது கேமராவுக்கு வெளியே இருந்து ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பது. சீன் பேப்பர் கைக்கு வந்த சூட்டோடு டேக் போகிற சீரியலில் அது இல்லாமல் முடியாது. ஆனால் பழகிவிட்டால் காது அங்கேயே கிடக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் அரை நொடி வெறுமனே நிற்பார்கள். கண்ணும் குரல் வரும் பக்கம் ஓடி, லுக் (பார்வைத் திசை) கெடும். முழு வசனத்தையும் வாங்காமல் முதல் இரண்டு சொல்லை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பவர் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் ராகத்தையே நடிகரும் பாடுவார். சிங்க் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்வது என்றால் இதற்கும் வழியில்லை, மனப்பாடம்தான்.

ஃபோகஸ் புல்லர் (லென்ஸின் ஃபோகஸைப் பிடிப்பவர்):
மார்க்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; நடிகர் வந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டும் டேப் அது. ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 எம்.எம். லென்ஸ், அதன் திறப்பு எஃப் 2, முகம் ஒன்றரை மீட்டரில். இப்படி ஒரு குளோசப் வைத்தால் ஷார்ப்பாக விழும் ஆழம் 4 செ.மீ. கூட இல்லை. உணர்ச்சி வேகத்தில் நாலு விரல் முன்னால் சாய்ந்தால் கண் மங்கி, காது பளிச்சென்று தெரியும். டேப்பைக் குனிந்து பார்ப்பதும் ஆகாது. மானிட்டர் (டேக்குக்கு முந்தைய ஒத்திகை) போகும்போதே மார்க்கில் நின்று, அங்கிருந்து பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணி முடித்த இடத்தில் தொடங்கி அதே எண்ணிக்கையில் நடந்தால் கால் தானாக மார்க்கில் வந்து நிற்கும்.

எடிட்டர்:
லென்ஸாவது ஃபோகஸ் புல்லர் கவலை. பிரமாதமான டேக்கை நாங்கள் தூக்கிப் போடுவது பெரும்பாலும் கைக்காகத்தான். காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் "நீ கிளம்பு" என்னும்போது டம்ளரை வைத்தவர், குளோசப்பில் அடுத்த வரியில் வைத்தால் இரண்டும் ஒட்டாது. எதிராளி ரியாக்‌ஷனுக்குத் தாவித்தான் தப்பிக்க வேண்டும். நடிகரின் நல்ல வசனம் இன்னொருவர் முகத்தில் ஓடிப்போகும். ஆகவே மாஸ்டரில் கைவேலையைக் குறையுங்கள். செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு சொல்லோடு முடிச்சுப் போடுங்கள். சாப்பாட்டுக் காட்சியில் முதல் டேக்கில் எடுத்த கவளம்தான் கடைசி டேக் வரை. சின்னதாக எடுப்பது வயிற்றுக்கு நல்லது.

மேக்கப்:
கிளிசரின் கண்ணுக்குள் போகக் கூடாது. கீழ் இமைக்கு வெளியே, ஓரமாக ஒரு சொட்டு. உள்ளே போனால் எரிந்து சிவக்கும், அழுகைக்கு முந்தைய காட்சிகளை அன்று எடுக்க முடியாது. அழுகை சீனை நாளின் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கண், எவ்வளவு தூரம் வழிந்தது என்று போட்டோவும் எடுத்து வையுங்கள்.

டப்பிங் சவுண்ட் இன்ஜினியர்:
ப, ம வரும் இடங்களில் உதடு மூடுவதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நொடிக்கு 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி செகண்ட். குரல் இரண்டு ஃபிரேம் பிந்தினால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, அதே அளவு முந்தினால் உறுத்தும். வெளியுலகில் சத்தம் ஒளிக்குப் பிறகுதானே வந்து சேர்கிறது! புதியவர்கள் பதற்றத்தில் முந்துவார்கள். வசனத்துக்கு முன்னால் திரையில் இழுக்கும் மூச்சையும் சேர்த்து மைக்கில் இழுங்கள், வேகம் தானே அடங்கும்.